பைலுக்கும் கைரேகை உண்டு! சரிபார்த்து வாங்குங்கள்

பால் பாக்கெட் வாங்குகிறோம். முனை கிழிந்திருந்தால், "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இன்டர்நெட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு பைலை இறக்குகிறோம். அது கிழிந்திருக்கிறதா என்று யாராவது பார்க்கிறோமா?

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

"லினக்ஸ் மின்ட்" என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படைப் புரோகிராம். காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். 2016-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, அதன் வெப்சைட்டுக்குள் ஒரு திருடன் புகுந்தான். வாசலில் இருந்த வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைத்ததுபோல ஒரு வேலை செய்தான். "இறக்கிக் கொள்ளுங்கள்" என்ற இடத்தை அழுத்தியவர்கள், பல்கேரியாவில் சோபியா நகரத்தில் இருந்த வேறு ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்!

அங்கே கிடைத்ததும் மின்ட்தான். அதே பெயர். அதே தோற்றம். ஆனால் உள்ளே ஒரு கள்ளக் கதவு! அதைப் போட்டுக் கொண்டவரின் கம்ப்யூட்டருக்குள் திருடன் இஷ்டம்போல நுழையலாம்.

மின்ட் தலைவர் கிளமென்ட் லெஃபெப்வர் விஷயத்தை மறைக்கவில்லை. உடனே ஊரறியச் சொன்னார். "உங்கள் பைலின் ரேகையை எடுத்துப் பாருங்கள், நாங்கள் கொடுக்கும் ரேகையோடு ஒத்துப் போகாவிட்டால் அதைப் போடாதீர்கள்" என்று எச்சரித்தார்.

அது என்ன ரேகை?

பைல் முழுவதையும் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டுச் சுருக்குகிறது. இப்போது பலரும் பயன்படுத்துவது "ஷா 256" என்ற கணக்கு. விடை எப்போதும் 64 எழுத்துதான். பைல் சிறியதோ பெரியதோ, அதே 64. பெரிய புத்தகத்தில் ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டாலும் போதும், அடையாளமே தெரியாமல் ரேகை மாறிவிடும்!

"எம்.டி. 5" என்ற பழைய கணக்கும் உண்டு. அதை நம்ப வேண்டாம். வெவ்வேறான இரண்டு பைல்களுக்கு ஒரே ரேகை வரும்படி செய்யலாம் என்று 2004-ம் ஆண்டில் சீனப் பெண் அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டிவிட்டார்கள்.

ரேகை எடுக்கச் செலவு இல்லை. கட்டளை டைப் செய்யும் கறுப்பு ஜன்னலைத் திறக்க வேண்டும். லினக்சில் "ஷா256சம்" என்ற கட்டளை, விண்டோசில் "செர்ட்யூட்டில்", ஆப்பிள் மாக்கில் "ஷாசம்". கூடவே பைலின் பெயர். (கடைசி இரண்டிலும் 256 என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) அவ்வளவுதான்.

என் புகார்

பைல் இருக்கும் அதே பக்கத்திலேயே ரேகையையும் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவதா? பைலை மாற்றத் தெரிந்தவனுக்கு, பக்கத்தில் இருக்கும் 64 எழுத்தை மாற்றத் தெரியாதா? ரேகைப் பட்டியலை வேறு இடத்தில் வைக்க வேண்டும். அல்லது, பட்டியலுக்கே திருடனால் போட முடியாத கம்ப்யூட்டர் கையொப்பம் வேண்டும். மின்ட்காரர்கள் இப்போது அப்படிக் கையொப்பம் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். மற்றவர்களும் செய்தால் என்ன?

திருடன் மட்டும் அல்ல. பழுதும் பைலைக் கெடுக்கும். பழைய டிஸ்கில் இருந்து புது டிஸ்குக்குக் கல்யாணப் போட்டோக்களை மாற்றினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் தாலி கட்டும் படத்தில் பாதி வெறும் சாம்பல் நிறம்! பழைய டிஸ்க் அதற்குள் கைமாறிவிட்டது. மாற்றும் முன்பும் பின்பும் ரேகை எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கடைக் கணக்கு, சங்கத்து உறுப்பினர் பட்டியல் என்று டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களும் பிரதி எடுத்த அன்றே அந்தப் பிரதிக்கு ரேகை எடுத்துக் குறித்து வையுங்கள். நடப்பில் இருக்கும் டேட்டாபேஸ் தினமும் மாறும். அதன் ரேகையும் மாறும். எடுத்து வைத்த பிரதி மாறக் கூடாது.

நான் இப்போது போட்டோக்களை எல்லாம் ஒரே பைலாகக் கட்டி, அதன் ரேகையைப் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "இது என்ன, பால்காரருக்கு மந்திரமா?" என்று கேட்டாள் என் மனைவி!