றவுட்டருக்குள்ள யாருக்கு முதலிடம்?

வங்காலையில் பொழுதுபட்டால் வீட்டுக்கு வீடு ஒரே கதைதான். தங்கச்சிக்கு ஏ.எல். ஸூம் வகுப்பு. தம்பி பப்ஜியில. அம்மா வெளிநாட்டு மாமாவோட வீடியோ கோல். அண்ணாவின்ர போன், அண்டைக்கு எடுத்த படம் வீடியோ எல்லாத்தையும் தன்பாட்டில கூகுளுக்கு ஏத்திக்கொண்டிருக்கும். வகுப்பில் சேரின்ர குரல் விக்கத் தொடங்கினதும் தம்பிக்குத்தான் முதல் பேச்சு விழும்.

அது அநியாயம் என்கிறோம் நாங்கள். கேம் விளையாட டேட்டா கொஞ்சம்தான் போகும். ஸூமில் குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும். உண்மையான கள்ளன் சத்தமில்லாமல் படம் ஏத்துற போன். 4ஜியில் இறக்கிற வேகத்தை விட ஏத்துற வேகம் பொதுவாகக் குறைவு. அந்தச் சின்னப் பாதை நிரம்பினால் மற்ற எல்லாம் வரிசையில் காத்துநிற்கும்.

வரிசையை ஒழுங்காக்கத்தான் றவுட்டரில் 'கியூஓஎஸ்' என்றொரு பகுதி இருக்கு. எல்லாப் பெட்டியிலும் இல்லை, மலிவானதுகளில் தேடிப் பார்க்கவேணும். பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிற முகவரியை (192.168.8.1 மாதிரி) பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம்.

ஆனால் தங்கச்சியின் லப்டொப்புக்கு முதலிடம் குடுத்துவிட்டு வந்தால் காணாது. கருவிகளுக்கு முகவரி பிரிச்சுக் குடுக்கிற டிஎச்சிபி அதைத் தவணைக்குத்தான் குடுக்கும். இண்டைக்கு லப்டொப்புக்கு இருந்த எண் இன்னொரு நாள் தம்பியின் போனுக்குப் போகலாம். முதலிடமும் கூடவே போயிடும். அதனால் லப்டொப்பின் மேக் முகவரியோடு ஒரு எண்ணை நிரந்தரமாகக் கட்டிவிடவேணும். வகுப்பு போனில் என்றால் இன்னொரு சிக்கல்: அண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் வைஃபைக்குத் தங்கட சொந்த மேக்கைக் காட்டாமல் ஒரு பொய் மேக்கைத்தான் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிப்பாட்டிவிடலாம்.

வேகத்தையும் நாங்களே பதியவேணும். சனம் கூடின பின்னேரத்தில் அளந்து, அதிலும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கோ. கம்பனி விளம்பரத்தில் சொல்ற வேகத்தைப் போட்டால் வரிசை எங்கட பெட்டியைத் தாண்டி, எங்கட கைக்கு எட்டாத இடத்தில்தான் நிற்கும்.

எதுக்கு முதலிடம் என்று எங்களைக் கேட்காமல் தீர்மானிக்கிறது புதுசில்லை. யூடியூப்புக்கு ஒரு பக்கேஜ், வட்ஸ்அப்புக்கு ஒரு பக்கேஜ் என்று இலங்கையில் விற்பனை நடக்குது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது என்று இந்தியாவின் டிராய் 2016 பெப்ரவரியிலேயே தடுத்தது.

வீட்டுக்குள்ளயும் அப்படித்தான், பாஸ்வேர்ட் பெரும்பாலும் அண்ணாமாரின் கையில். வைஃபை பாஸ்வேர்ட்டைச் சொல்லவில்லை, றவுட்டருக்குள்ள போற பாஸ்வேர்ட். பரீட்சை எழுதப்போறவளுக்கு அது தெரியவேணும், அவளே உள்ளே போய் மாத்தத் தெரியவேணும். கூகுள் படம் ஏத்துறதை விடிய ரெண்டு மணிக்கு அண்ணா வைத்துக்கொள்ளட்டும்.