காசிரங்காவும் பேகம்பூரும் ஒன்றா?

கோடையில் குளம் பற்றி எரிந்தால் பதற வேண்டாம், அது இயற்கை செய்யும் துப்புரவுப் பணி என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஈரநிலத்துக்குத் தீ நல்லதாம். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸும் அசாமின் காசிரங்காவும் அதற்குச் சாட்சியாம். ஆகவே திண்டுக்கல் சுற்றுவட்டாரக் குளங்களில் மண்டிக் கிடக்கும் சம்பையும் கோரையையும் சீமைக்கருவேலத்தையும் பங்குனியில் கொளுத்திவிடலாமாம். சாட்சிகள் இருவரும் பொய் சொல்லவில்லை. வக்கீல்தான் அவர்களைப் பாதியில் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்.

மீதியைக் கேட்போம். எவர்கிளேட்ஸில் எரிவது கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ரம்பம் போல் விளிம்புள்ள ஒரு புல். தண்ணீர் நிற்கும் காலத்தில் தீப்பிடித்தால் மேலே தாள் கருகும். குருத்து நீருக்கும் ஈர மண்ணுக்கும் கீழே பத்திரமாக இருக்கும். சீக்கிரமே மறுபடி தழைத்துவிடும். அதே எவர்கிளேட்ஸில் வறட்சி ஆண்டில் நிலைமை வேறு. நீர் வடிந்த தரைக்குள்ளேயே தீ இறங்கி, நூற்றாண்டுகளாக மக்கிச் சேர்ந்த மண் நாள்கணக்கில் கனன்று, தரைமட்டமே தாழ்ந்துபோகும். இடமும் புல்லும் மாறவில்லை, தண்ணீர் மட்டம்தான் மாறியது. நண்பர் நெருப்புக்குப் போட்ட மாலை அதன் கீழே நின்ற தண்ணீருக்குப் போக வேண்டியது.

காசிரங்காவில் வனத்துறை ஆள் நிறுத்தி, பகுதி பகுதியாகப் புல்லை எரிக்கிறது. பின்னாலேயே பிரம்மபுத்திரா வெள்ளம் வருகிறது. நம் குளத்தில் தீ வைப்பவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். குளம் நிறைய ஐப்பசி, கார்த்திகை வரை வானத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, சம்பாவது ஒழியுமா என்றால் அதுவும் இல்லை. ஒரு சம்புத் தட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே முழுக்கக் காற்றறைகள். சேற்றுக்குள் கிடக்கும் கிழங்கு மூச்சு விடுவது அந்தத் தட்டை வழியாகத்தான், தட்டை காய்ந்து செத்த பிறகும்கூட. அறுத்தாலும் எரித்தாலும் மிஞ்சும் கட்டையை மூழ்கடித்துத் தண்ணீர் நிறுத்தினால் கிழங்கு திணறிச் சாகும். மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லாமல் எரித்தால்? நிழல் விலகும், சாம்பல் கிடைக்கும், சாக்கடை ஈரம் எப்போதும் இருக்கும். முன்பைவிட அடர்த்தியாக எழுந்து நிற்கும். ஊர்க் கழிவுநீர் வருஷம் முழுக்க வந்து சேரும் குளங்களில்தான் சம்பு இப்படி மண்டுகிறது. அந்த வாய்க்காலைப் பற்றி நண்பரின் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

சீமைக்கருவேலம் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மரம். ஒற்றைத் தண்டை எரித்தால் நாலு கிளம்பும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி ஊர் ஊராக ஜேசிபி இறங்கியதே, தீப்பெட்டி தீர்ந்துபோனதாலா? வேரோடு பிடுங்காமல் அது போகாது என்பதால்தான்.

சாம்பல் உரம் என்கிறார். எரியும்போது தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மிஞ்சும், உண்மை. ஆனால் வயலில் இல்லை, குளத்துக்குள். முதல் மழையில் அவை கரைந்தால் பாசிக்குத்தான் விருந்து. குளத்து வளம் வயலுக்குப் போக நம் ஆட்களுக்கு வழி தெரியாமல் இல்லை. வண்டல் அடித்தார்கள், கிடை போட்டார்கள். காய்ந்த குளத்துப் புல்லை மேயும் ஆடு ராத்திரி கிடையில் அதை உரமாக்கிவிடும். கொளுத்துவது கிடை போடும் கீதாரியின் மேய்ச்சலைக் கொளுத்துவதுதான்.

‘வற்றிய குளத்தில் என்ன உயிர் இருக்கிறது?’ என்ற கேள்வியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பால் ஆமை கோடையில் சேற்றுக்குள்தான் புதைந்து கிடக்கும். தவளைகளும் அப்படியே. எஞ்சிய ஈரத்தில் விரால் தாக்குப்பிடிக்கும். மேலே சருகு கனத்த மெத்தையாகக் கிடந்து மெல்லக் கனன்றால் அந்த மேல்மண்தான் வேகும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று உண்டு: தோல்ஷாப் என்கிற தோல் பதனிடும் ஆலை. திண்டுக்கல் பேகம்பூர் பக்கத்துத் தோல்ஷாப் கழிவு குடகனாற்று வடிநிலத்து நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்று ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தோல் பதனிடப் போடுவது குரோமியம்-3. மண்ணில் அது பெரும்பாலும் கரையாமல் கிடக்கும். சூடேறிக் காற்றும் சேர்ந்தால் அதில் ஒரு பங்கு குரோமியம்-6 ஆகும். இது நீரில் எளிதில் கரையும், புற்றுநோய் தரும். கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ எரிந்த, இயற்கையிலேயே குரோமியம் மிகுந்த மண்ணில் இந்த மாற்றத்தை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டு 2023இல் வெளியிட்டார்கள். அங்கே பாறை தந்த குரோமியம். இங்கே தொழில் தந்தது. கழிவு வந்து படிந்த குளத்தில் தீ வைக்கச் சொல்பவர், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்காட்டத் தயாரா?

நகரையொட்டிய குளம் என்றால் குப்பையும் சேர்ந்தது. சம்போடு பாலித்தீனும் டயரும் எரியும். விடிந்து பார்த்தால் கரையோரம் உருகிய பிளாஸ்டிக் கல் கல்லாக இறுகிக் கிடக்கும். 2018 ஜனவரியில் பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் காய்ந்த புல்லும் செடியும் பற்றியபோது அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. அதுவும் இயற்கையின் துப்புரவுதானா?

நண்பர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மண்டிய தாவரத்தை யாராவது வெளியேற்றியே தீர வேண்டும். பரத்பூர் கேவலதேவ் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். மேய ஆளில்லாமல் புல் நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கு அது கெடுதலானது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு சொன்னது. கைவைக்காமல் விடுவதும் குற்றம்தான். ஆனால் எருமை செய்த வேலையைத் தீக்குச்சி செய்யும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகும் எரிக்கத்தான் வேண்டும் என்றால், குளத்து மண்ணில் குரோமியம் எவ்வளவு என்ற சோதனை அறிக்கை, கட்டைகள் மூழ்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற விவரம், தீ அணையும்வரை கரையில் நிற்கப்போகிறவர்களின் பட்டியல் ஆகியவற்றோடு அடுத்த கட்டுரையை அனுப்பட்டும். பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்.