ஊக்கமருந்து விசாரணை: வீரர்கள் செய்தது தப்புதான், விசாரித்தவர்கள் செய்தது?

உங்கள் அலுவலகத்தில் ஒரு சர்வே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே தெரியாது, மொத்த சதவீதம் மட்டும்தான் பார்ப்போம்" என்று எச்.ஆர். மெயில் அனுப்புகிறது. நம்பி பதில் கொடுக்கிறீர்கள். ஆறு வருடம் கழித்து ஒரு காலையில் போனை எடுத்தால், அந்த சர்வேயில் இருந்த உங்கள் பெயர் பிரேக்கிங் நியூஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது கற்பனை மாதிரி இருக்கலாம். ஆனால் அமெரிக்க பேஸ்பாலில் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. ஒரே வித்தியாசம், அங்கே கேட்டது கருத்து இல்லை, சிறுநீர் மாதிரி.

பேஸ்பாலும் ஊக்கமருந்தும் என்றாலே "யார் மாட்டினார்கள்" என்ற பட்டியல்தான் பேசப்படும். இந்தக் கட்டுரை கேட்பது வேறு. விளையாட்டால் சம்பாதிக்கும் ஒரு லீக், தன் சொந்த வீரர்களை விசாரிக்கும்போது எந்த எல்லை வரை போகலாம்? மாட்டியவர் உண்மையிலேயே தப்பு செய்தவர் என்றால், விசாரித்த விதம் பற்றிக் கேள்வியே கேட்கக்கூடாதா?

எங்கே தொடங்கியது?

1994-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் மேஜர் லீக் பேஸ்பால் (எம்.எல்.பி.) சீசன் பாதியில் நின்றது. இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். அவர்களைத் திரும்ப மைதானத்துக்கு இழுத்ததில் 1998-க்குப் பெரிய பங்கு உண்டு. அந்த சீசனில் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன்களும், சாமி சோசா 66 ஹோம் ரன்களும் அடித்தார்கள். ஹோம் ரன் என்பது ஏறக்குறைய நம்ம சிக்ஸர். 37 வருடமாக நின்றிருந்த 61 என்ற சாதனையை ஒரே சீசனில் இரண்டு பேர் தாண்டினார்கள். 2001-ல் பேரி பாண்ட்ஸ் அதையும் மீறி 73 அடித்தார்.

சந்தேகம் அப்போதே இருந்தது. 1998 சீசன் நடுவிலேயே மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டியோன் என்ற மருந்து பாட்டில் இருந்ததை ஒரு நிருபர் எழுதினார். ஒலிம்பிக்கில் அது தடை செய்யப்பட்ட பொருள். பேஸ்பாலில் அன்றைக்குத் தடை இல்லை. மேஜர் லீக் வீரர்களுக்குக் கட்டாயப் பரிசோதனையும் இல்லை. டிக்கெட் விற்றது, டிவி பணம் வந்தது, யாரும் அதிகமாகத் துருவவில்லை.

2001-ல் ஆணையர் பட் செலிக் பரிசோதனையைக் கொண்டுவந்தார். ஆனால் மைனர் லீக் வீரர்களுக்கு மட்டும். காரணம் எளிது. மேஜர் லீக் வீரர்களுக்குப் பலமான சங்கம் இருந்தது, அவர்கள் சம்மதம் வேண்டும். குறைந்த சம்பளத்தில் கீழ்மட்டத்தில் ஆடிய பசங்களுக்குச் சங்கமே கிடையாது, அவர்களிடம் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

2003: 'பெயர் வெளியே வராது'

2002-ல் லீக்கும் வீரர்கள் சங்கமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. 2003-ல் எல்லோருக்கும் பெயர் வெளியிடாத பரிசோதனை நடக்கும். அதில் 5 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ் வந்தால், 2004 முதல் கட்டாயப் பரிசோதனை வரும். முடிவு 5 முதல் 7 சதவீதத்துக்குள் என்று வந்தது. ஒப்பந்தப்படி அடுத்த கட்டமும் தொடங்கியது.

ஆனால் பெயர்களோடு இணைக்கக்கூடிய பதிவுகள் அழிக்கப்படாமல் இருந்தன. அந்த நேரத்தில் பால்கோ என்ற கலிஃபோர்னியா நிறுவனம் ஊக்கமருந்து விநியோகித்தது பற்றி மத்திய அரசு விசாரித்துக்கொண்டிருந்தது. 2004 ஏப்ரலில் பரிசோதனை நிறுவனத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். அவர்கள் கையில் இருந்த வாரண்ட் 10 வீரர்களுக்கானது. எடுத்துச் சென்றதோ நூற்றுக்கும் மேற்பட்டோரின் விவரங்களை.

அரசு அப்படி அள்ளிக்கொண்டு போனது தவறு என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குள் பெயர்கள் கசியத் தொடங்கிவிட்டன. 2009 பிப்ரவரியில் அலெக்ஸ் ரோட்ரிகஸ், ஜூனில் சோசா, ஜூலையில் டேவிட் ஓர்டிஸும் மேனி ராமிரஸும்.

ரோட்ரிகஸ் ஒப்புக்கொண்டார். ஓர்டிஸ் தெரிந்து ஸ்டீராய்டு எடுத்ததில்லை என்று மறுத்தார். 2016-ல் அப்போதைய ஆணையர் ராப் மேன்ஃபிரெட் ஒரு விஷயத்தைச் சொன்னார்: அந்தப் பட்டியலில் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்மையிலேயே பாசிட்டிவ்தானா என்பதில் அறிவியல் ரீதியான சந்தேகம் இருந்தது. மொத்த சதவீதம்தான் நோக்கம் என்பதால் அதை யாரும் தனித்தனியாகச் சரிபார்க்கவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சதவீதம் எடுப்பதற்காக வடிவமைத்த ஒரு பரிசோதனை, பிறகு தனிமனிதர்களைக் குற்றவாளியாக்கும் ஆதாரமாக மாறிவிட்டது. அதில் இருந்தவர் மேல்முறையீடு செய்ய வழியில்லை, ஏனென்றால் அதிகாரபூர்வமாக அவர் மேல் குற்றச்சாட்டே இல்லை.

2007: மிட்செல் அறிக்கை

2006 மார்ச்சில், முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலை விசாரணைக்கு நியமித்தார் செலிக். 2007 டிசம்பர் 13-ல் 409 பக்க அறிக்கை வந்தது. 80-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் இருந்தன.

முதல் சிக்கல், மிட்செல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தவர். அவர் வேண்டுமென்றே யாரையும் காப்பாற்றினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் லீக்கில் ஆடும் ஓர் அணியோடு தொடர்புள்ளவர் லீக் முழுவதையும் விசாரிக்கலாமா என்ற கேள்வி அறிக்கை வருவதற்கு முன்பே எழுந்தது.

இரண்டாவது, அவருக்கு சம்மன் அனுப்பும் அதிகாரம் இல்லை. பெரும்பாலான வீரர்கள் பேச மறுத்தார்கள். அதனால் அறிக்கையின் பெரும் பகுதி, மத்திய அரசின் வழக்கில் சிக்கி, ஒத்துழைக்க ஒப்புக்கொண்ட இரண்டு பேரின் வாக்குமூலத்தைச் சார்ந்திருந்தது. ஒருவர் மெட்ஸ் அணியின் முன்னாள் ஓய்வறைப் பணியாளர் கிர்க் ராடோம்ஸ்கி, இன்னொருவர் பயிற்சியாளர் பிரையன் மெக்நேமி. இவர்கள் யாருக்கு மருந்து கொடுத்தார்களோ அவர்கள் பெயர் வந்தது. வேறு ஆளிடம் வாங்கியவர் தப்பினார்.

மெக்நேமி கைகாட்டிய ராஜர் கிளெமென்ஸ், நாடாளுமன்றக் குழு முன் மறுத்தார். பொய் சொன்னதாக அவர் மேல் வழக்கு வந்தது. 2012-ல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். அவர் ஊக்கமருந்தே தொடவில்லை என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்ததாக இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் நிற்காத ஆதாரம், ஓர் அறிக்கையில் பெயரைப் போடப் போதுமானதாக இருந்தது என்பது உண்மை.

நியாயமாகச் சொன்னால், மிட்செல் வீரர்களை மட்டும் குறை சொல்லவில்லை. ஆணையர்கள், அணி நிர்வாகங்கள், சங்கம் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்றார். பழைய தவறுகளுக்குப் பெரும்பாலும் தண்டனை வேண்டாம், முன்னால் பாருங்கள் என்றும் பரிந்துரைத்தார்.

2012: டப்பாவும் 44 மணி நேரமும்

2011 அக்டோபரில் ரயன் பிரானின் மாதிரி பாசிட்டிவ் வந்தது. மேல்முறையீடு முடியும் வரை அது ரகசியமாக இருக்க வேண்டும். டிசம்பரிலேயே டிவியில் வந்துவிட்டது.

பிறகு 2012 பிப்ரவரியில் மத்தியஸ்தர் ஷியாம் தாஸ், பிரானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். காரணம், மாதிரி எடுத்தவர் அதை உடனே கூரியரில் அனுப்பாமல் சுமார் 44 மணி நேரம் தன் வீட்டில் வைத்திருந்தார். ஒப்பந்தம் சொன்ன நடைமுறை மீறப்பட்டது, அவ்வளவுதான். சில மாதங்களில் லீக் அந்த மத்தியஸ்தரை நீக்கிவிட்டது. விதிப்படி இரு தரப்புக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்பவர் மனதில் என்ன ஓடும்?

இந்தக் கதையில் பிரான் தியாகி இல்லை. மாதிரி எடுத்த அந்த ஊழியரின் நேர்மையை வெளிப்படையாகவே சந்தேகித்தார். 2013-ல் அவரே தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தப்பு செய்தவருக்கும் நடைமுறை பொருந்தும் என்பது கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நடைமுறை நல்லவர்களுக்கு மட்டும்தான் என்றால், நல்லவர் யார் என்பதை முன்கூட்டியே யார் முடிவு செய்வது?

2013: ஆதாரத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா?

மிட்செல் பரிந்துரையின்படி லீக் 2008-ல் தனக்கென ஒரு புலனாய்வுத் துறையை உருவாக்கியது. அதன் பெரிய வழக்கு பயோஜெனிசிஸ்.

ஃப்ளோரிடாவில் டோனி பாஷ் நடத்திய கிளினிக் அது. 2013 ஜனவரியில் மயாமியின் ஒரு வாரப் பத்திரிகை, அங்கிருந்து வெளிவந்த ஆவணங்களை வைத்து வீரர்களின் பெயர்களை எழுதியது. லீக்குக்கு அந்த ஆவணங்கள் வேண்டும். ஆனால் அது போலீஸ் இல்லை. அதனால் இரண்டு வழிகளில் இறங்கியது.

ஒன்று, பாஷ் மேல் சிவில் வழக்கு போட்டது. பிறகு அவர் ஒத்துழைக்கச் சம்மதித்ததும் அவரை வழக்கிலிருந்து விடுவித்து, வக்கீல் செலவையும் பாதுகாப்புச் செலவையும் ஏற்றது. இரண்டு, ஆவணங்களுக்காக 1,25,000 டாலர் கொடுத்தது. கிளினிக்கின் முன்னாள் ஊழியர் ஒருவரின் காரை உடைத்து ஆவணங்கள் திருடப்பட்ட பிறகு, கைமாறி வந்தவையும் லீக் வாங்கியவற்றில் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

பலன்? பிரானுக்கு 65 ஆட்டத் தடை. 2013 ஆகஸ்ட் 5-ல் 12 பேருக்குத் தலா 50 ஆட்டங்கள், ரோட்ரிகஸுக்கு 211. மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ரோட்ரிகஸ் மட்டும் எதிர்த்தார். மத்தியஸ்தர் அதை 162 ஆகக் குறைத்தார். பின்னர், வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதியின் பேரில் மத்திய அதிகாரிகளிடம் அவர் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. பாஷுக்கு 2015-ல் நான்கு வருடச் சிறை. அவர் பள்ளி மாணவர்களுக்கும் மருந்து கொடுத்திருந்தது வழக்கில் தெரியவந்தது.

ஆக, லீக் பிடித்தது சரியான ஆளைத்தான். பிடித்த வழி சரியா என்பது தனிக் கேள்வி.

லீக் பக்கமும் நியாயம் இருக்கா?

இருக்கு. ஊக்கமருந்து எடுக்காமல் ஆடுகிறவனைப் பற்றி யோசியுங்கள். பக்கத்தில் இருப்பவன் ஊசி போட்டு 30 ஹோம் ரன் அடிக்கிறான், இவன் 12 அடித்து அணியில் இடம் இழக்கிறான். அவன் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. அவனுக்கும் சேர்த்துத்தான் விசாரணை நடக்கிறது. பரிசோதனையால் மட்டும் எல்லோரையும் பிடிக்கவும் முடியாது. பயோஜெனிசிஸில் தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆவணங்களால்தான் சிக்கினார்கள்.

எனவே "லீக் விசாரிக்கவே கூடாது" என்பது பதில் ஆகாது. பிரச்சினை, அந்த விசாரணை எப்போதும் கீழ்நோக்கியே பார்க்கிறது என்பதுதான். 2022-ல் பாண்ட்ஸும் கிளெமென்ஸும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான பத்தாவது, கடைசி வாக்கெடுப்பிலும் தேவையான 75 சதவீதத்தைத் தொடாமல் வெளியேறினார்கள். அந்தக் காலம் முழுக்க லீக்கின் தலைமையில் இருந்த செலிக், 2017-லேயே அதே ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றுவிட்டார்.

நம்ம ஊரில்?

இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. இந்தியக் கிரிக்கெட் வாரியமும் பல வருடம் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான 'நாடா'வுக்குள் வர மறுத்து, தானே பரிசோதித்து, தானே தண்டித்தது. 2019 ஜூலையில் பிரித்வி ஷாவுக்கு வாரியம் எட்டு மாதத் தடை விதித்தது. ஆனால் மார்ச் 16-லிருந்தே தடை தொடங்கியதாகக் கணக்கிட்டது. அதாவது, தடையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அதே மாதங்களில் அவர் ஐ.பி.எல். ஆடி முடித்திருந்தார். அடுத்த மாதமே வாரியம் நாடாவின் கீழ் வந்தது.

விஷயம் ஊக்கமருந்து இல்லை என்றாலும், 2013 ஐ.பி.எல். சூதாட்டப் புகாரும் இதே பாடம்தான். வாரியமே அமைத்த விசாரணைக் குழு தவறுக்கு ஆதாரம் இல்லை என்றது. அந்தக் குழு அமைக்கப்பட்டதே சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு உச்ச நீதிமன்றம் நியமித்த குழுக்கள் விசாரித்த பின்னர்தான் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டு வருடத் தடை வந்தது. சி.எஸ்.கே. ரசிகராக உங்களுக்கு அது வலித்திருக்கலாம். ஆனால் சொந்த வீட்டுக் கணக்கைச் சொந்த வீட்டுக்காரரே தணிக்கை செய்தால் என்ன கிடைக்கும் என்பதை அப்போது நேரில் பார்த்தோம்.

அடுத்த முறை என்ன கேட்கலாம்?

ஒரு வீரர் மாட்டினார் என்று போனில் நோட்டிஃபிகேஷன் வரும்போது, அவரைத் திட்டுவதற்கு முன்னால் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

விசாரித்தவருக்கு முடிவில் லாப நஷ்டம் உண்டா?

வீரரிடம் கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா, அல்லது பெயர் முதலில் கசிந்து தீர்ப்பு பிறகு வந்ததா?

ஆதாரம் எங்கிருந்து, என்ன விலைக்கு வந்தது?

வீரருக்கு மேலே இருந்தவர்கள், அதாவது மேலாளர், உரிமையாளர், ஆணையர் ஆகியோரிடம் யாராவது எதையாவது கேட்டார்களா?

நான்குக்கும் நேர்மையான பதில் இருந்தால், அந்த விசாரணையைத் தாராளமாக நம்பலாம். இல்லையென்றால், தப்பு செய்தவர் மாட்டியிருக்கலாம், ஆனால் அந்தத் தப்பில் சம்பாதித்தவர்கள் மாட்டவில்லை. உங்கள் அலுவலகத்தில் நடக்கும் விசாரணைக்கும் இதே நான்கு கேள்விகள் பொருந்தும்.