ஒளித்து வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு

குடும்ப ஆலோசனைப் பகுதி

(எழுதியவரின் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி விவரங்கள் மாற்றப்பட்டும் இக்கடிதம் பிரசுரிக்கப்படுகிறது.)

கேள்வி: கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 36. பிழைப்புக்காக இந்நகரத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரட்சிக்கப்பட்டவன், சபையில் ஒரு பொறுப்பும் உண்டு. ஆனால் ஐந்து ஆண்டுகளாகக் கைப்பேசியில் ஆபாசப் படங்களுக்கு அடிமையாயிருக்கிறேன். மனைவியும் பிள்ளைகளும் உறங்கிய பின் பின்னிரவு வரை அதிலேயே கழிகிறது. மூன்று முறை தகாத இடத்துக்கும் போய்விட்டேன். உபவாசம் இருந்தேன், பொருத்தனை பண்ணினேன், கைப்பேசியை உடைத்தும் போட்டேன். மறுமாதமே புதியது வாங்கினேன். ஒருமுறை மூப்பர் ஒருவரிடம் அழுது அறிக்கையிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லாரும் அறியும்படி எனக்காக ஜெபித்தார்கள். அதன்பின் யாரிடமும் வாய் திறப்பதில்லை. மருத்துவரிடம் போவது அவிசுவாசமா? போனால் இது வெளியே வருமா? என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது.

பதில்: கர்த்தருக்குள் அன்பான சகோதரரே, உங்கள் கடிதத்தை ஜெபத்தோடு வாசித்தேன். நீங்கள் கேட்டவை இரண்டு. அவற்றுக்குள் மூன்றாவது கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது: என் உள்ளத்தைத் திறக்கப் பாதுகாப்பான இடம் எங்கேயாவது உண்டா? உண்டு என்பதை முதலாவது சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு நேர்ந்தது தவறு. குற்றம் செய்த சகோதரனை முதலாவது தனியே சந்திக்கும்படியே ஆண்டவர் மத்தேயு 18:15இல் கற்பித்தார். புறங்கூறுகிறவன் யார், உண்மையுள்ளவன் யார் என்பதை நீதிமொழிகள் 11:13 இரகசியம் காப்பதை வைத்தே பிரித்துக் காட்டுகிறது. ஜெபக்குறிப்பு என்று பெயரிட்டாலும் புறங்கூறுதல் புறங்கூறுதலே. தாராவியில் சொன்னது மாலைக்குள் திருநெல்வேலிக்குப் போய்ச் சேரும் வாழ்க்கை நம்முடையது. ஒரே ஊரார், ஒரே தெரு, ஒரே சபை. ஆகவே உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனாலும் ஒளித்து வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு. ஒளித்து வைத்தது இருட்டில் வளரும். உங்கள் ஐந்து ஆண்டுகளே அதற்குச் சாட்சி. நம்பகமான ஒருவரிடம் திறந்து சொல்லி, அவர் அதைக் காத்து வைக்கும்போது அதன் பலம் குறையத் தொடங்குகிறது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுவதையும் சொஸ்தமாவதையும் யாக்கோபு 5:16 சேர்த்தே சொல்லுகிறது.

மருத்துவரிடம் போவது அவிசுவாசமா? மருந்தை விலக்குவதையே விசுவாசமாக எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஆயினும் பவுலின் உடன் ஊழியனாகிய லூக்கா ஒரு மருத்துவர். பவுல் அவரைப் பிரியமானவர் என்றே கொலோசெயர் 4:14இல் குறிப்பிடுகிறார்.

உங்களுடையது பாவமா, நோயா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை ஒரு மனநலக் கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆறு மாதமோ அதற்கு மேலோ தன்னை அடக்க இயலாமை, மீண்டும் மீண்டும் முயன்று தோற்றல், உடல்நலமும் குடும்பமும் வேலையும் கெட்டும் நிறுத்த முடியாமை, இன்பம் அற்றுப்போன பின்னும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். இன்னொன்றையும் அப்பட்டியல் சொல்லுகிறது: செய்தது பாவம் என்ற குற்ற உணர்வு மட்டுமே இருந்தால் அதை இந்த நோயாகக் கொள்ளக்கூடாது. ஆகவே சோதிக்கப்படுகிற ஒவ்வொரு வாலிபனும் நோயாளி அல்ல. ஆனால் நீங்கள் விவரிப்பது மருத்துவர் பார்க்கவேண்டிய நிலை. நோய் என்பதால் பொறுப்பு நீங்கிவிடாது. மனந்திரும்புதலும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அங்கே என்ன நடக்கும்? மருத்துவர் உங்களைக் கண்டிப்பதற்காக அங்கே அமர்ந்திருக்கவில்லை. எப்போது, எங்கே, எந்த மனநிலையில் இச்சை எழுகிறது என்று கேட்பார். பலருக்கும் தனிமை, சோர்வு, கோபம், உறக்கமின்மை ஆகியவையே வாசலாக இருக்கின்றன. அந்த வாசலை முன்கூட்டியே அறிந்து, எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பயிற்சி பல வாரங்கள் நடைபெறும். தேவையானால் மருந்தும் தருவார். சிலருக்கு உள்ளே மனச்சோர்வு இருக்கும். சிலருக்கு மனஎழுச்சி நோயும், நடுக்குவாதத்துக்குத் தரும் சில மருந்துகளுங்கூட இவ்விதத் தூண்டுதலை உண்டாக்கும். ஆகையால் முதலாவது மனநல மருத்துவரைக் காண்பதே நல்லது.

வெளியே வருமா? 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 23ஆம் பிரிவில் சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் போதகரோ, முதலாளியோ, உடன் வேலை செய்பவரோ கேட்டாலும் உங்கள் சம்மதமின்றி மருத்துவர் சொல்லக்கூடாது. விதிவிலக்குகளும் உண்டு. சிகிச்சையில் பங்குபெறும் மற்ற நிபுணருக்கும், உங்கள் சார்பாகச் சட்டப்படி நியமிக்கப்படும் பிரதிநிதிக்கும் வேண்டியதைச் சொல்லலாம். உயிராபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றிலும் சொல்லலாம். குடும்பத்தாருக்கு எதைச் சொல்வீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவுபெறுங்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் அங்கே இரகசியம் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் அறிவிக்கவே வேண்டும். அதைச் சபையும் மூடிமறைக்கக்கூடாது.

எங்கே போவது? நம்மை அறிந்தவர் இல்லாத பெரிய அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவே போதும். பெரிய நகரத்தில் வாழ்வதன் நன்மை அது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் கைப்பேசி, இணைய அடிமைத்தனத்துக்கென்றே 2014இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அந்நிய மொழியில் மனதைத் திறப்பது கடினமானால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் அழையுங்கள். இரவும் பகலும் பேசலாம்; அதன் மொழிகளில் தமிழும் ஒன்று.

இனி உங்கள் மனைவியைக் குறித்து. தகாத இடத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இதைக் காத்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. இதில் அவர்களுடைய சரீரமும் அடங்கியிருக்கிறது. தாமதமின்றி அரசு மருத்துவமனையின் ஐ.சி.டி.சி. மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம், முடிவும் இரகசியமாகக் காக்கப்படும். மற்றப் பாலியல் நோய்களுக்கும் பரிசோதனை கேளுங்கள். மருத்துவர் பயமில்லை என்று சொல்லும்வரை விலகியிருங்கள். அதன்பின் ஆலோசகரின் உதவியோடு மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். அந்தச் சகோதரி அழுவார்கள், கோபப்படுவார்கள். உடனே மன்னிக்கும்படி வசனம் காட்டி நெருக்காதீர்கள். அவர்களுக்கும் தனியே ஓர் ஆலோசகர் தேவை. உங்கள் கைப்பேசியைக் காவல் காக்கும் வேலையை அவர்கள்மேல் சுமத்தவும் வேண்டாம். சபைப் பொறுப்பிலிருந்து சிலகாலம் நீங்களாகவே ஒதுங்கியிருங்கள். காரணத்தை எல்லாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

உடன் ஊழியராகிய போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் உங்களிடம் அறிக்கையிட்டது உங்கள் பிரசங்கத்துக்கு உதாரணம் அல்ல. உங்கள் மனைவியிடங்கூடச் சொல்லத்தக்கது அல்ல. தாவீதிடம் நாத்தானை அனுப்பினவர் கர்த்தர். நாத்தான் எருசலேமின் வீதியில் கூவவில்லை. ராஜாவினிடத்தில் போய் அவன் முகத்துக்கு நேராகப் பேசினான். நம்மால் இயலாததை அறிந்து, தகுதியுள்ள மருத்துவரிடம் அனுப்புவதும் மேய்ப்பனின் வேலையே. அனுப்பிய பின்னும் கைவிடாமல் ஜெபித்திருங்கள்.

சகோதரரே, இந்த வாரமே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நடுவில் ஒருமுறை விழுந்தாலும், அதையும் அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள். வெட்கத்தால் போகாமல் நின்றுவிடாதீர்கள்.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, அந்தரங்கத்தை அறிந்திருந்தும் எங்களை வெட்கப்படுத்தாதவரே, இந்தச் சகோதரனுக்கு வாயைத் திறக்கும் தைரியத்தையும், கேட்பவர்களுக்குக் காத்துக்கொள்ளும் உண்மையையும் தாரும். காயப்படப்போகிற மனைவியைத் தேற்றும். அந்த வீட்டைக் கட்டியெழுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.