மாட்டைக் கடிக்கும் ஈ எங்கே பிறக்கிறது?

மாலை மயங்கும் நேரத்தில் எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும் மாட்டுத் தொழுவங்களில் புகை எழும்புவதைக் காணலாம். வேப்பிலையையும் நொச்சியையும் போட்டு மூட்டம் போடுகிறார்கள். புகை உள்ளவரை கொசு விலகி நிற்கும். புகை அடங்கியதும் திரும்பி வரும். அடுத்து கடைக்கு ஓடி மருந்து வாங்கித் தெளிக்கிறார்கள். சில நாட்களில் மீண்டும் பழைய கதைதான். விரட்டுவதற்குச் செலவிடும் பணத்தையும் உழைப்பையும், பிறக்குமிடத்தை ஒழிப்பதற்குச் செலவிட்டால் பலன் அதிகம் என்பது என் கருத்து.

கொசுவும் கடிக்கும் ஈக்களும் இரண்டை நாடி வருகின்றன. ஒன்று இரத்தம், மற்றொன்று முட்டையிட ஏற்ற இடம்.

மாடு வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, உடற்சூடு, வியர்வை வாடை, கருமை நிறம் ஆகியவை இப்பூச்சிகளைக் கவர்கின்றன. ஜிம்பாப்வே நாட்டில் 1980-களில், எருதின் மூச்சு வாடையில் உள்ள ஆக்டினால், அசிட்டோன் போன்ற பொருள்களைக் கறுப்பு, நீலத் துணிகளோடு வைத்துச் செட்சி ஈக்களைப் பிடித்தார்கள். ஜப்பானில் கறுப்பு மாடுகளின் மேல் வெள்ளைக் கோடுகள் தீட்டிப் பார்த்தபோது, கடிக்கும் ஈக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2019-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. கேட்பதற்கு இவை வியப்பாக இருக்கலாம். ஆனால் மாட்டை மூச்சு விடாதே என்று நாம் சொல்ல முடியாது. நம் கையில் இருப்பது இரண்டாவதுதான்.

தொழுவத்தில் கடிக்கும் ஈ, பார்வைக்கு வீட்டு ஈயைப் போலவே இருக்கும். ஆனால் அதன் வாயில் ஊசி போன்ற குழல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கொசுவில் பெண் மட்டுமே கடிக்கும். இந்த ஈயில் ஆணும் பெண்ணும் கடிக்கும். பெரும்பாலும் கால்களைத்தான் தாக்கும். மாடு ஓயாமல் காலை உதறினால் இதைச் சந்தேகிக்கலாம். சாணமும் மூத்திரமும் கலந்து ஊறி மக்கும் வைக்கோலில் இது முட்டையிடுகிறது. வெயில் காலத்தில் இரண்டு வாரங்களில் முட்டை ஈயாகிவிடும். தேங்கிய நீரில் கொசு உருவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும்.

நட்டம் கடியோடு நிற்பதில்லை. மேய்ச்சல் கெடும்; பால் குறையும். 2019-ல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டு, 2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமான மாடுகளைப் பலிகொண்ட தோல் கழலை நோயைப் பரப்பியதில் கடிக்கும் பூச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆடுகளின் நீலநாக்கு நோயையும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சிகளே பரப்புகின்றன. ஒரே கறவை மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இது பிழைப்பையே பாதிக்கும் செய்தி.

ஒரு கிராமத்தில் ஒரு அம்மாள் என்னிடம், "ஐயா, தினமும் கூட்டித்தான் வைக்கிறேன். ஈ மட்டும் குறையவில்லையே" என்று குறைப்பட்டுக் கொண்டார். உண்மையில் அவர் தொழுவம் சுத்தமாகவே இருந்தது. வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டாரின் குப்பைமேட்டில் நனைந்த வைக்கோல் ஆளுயரத்திற்குக் கிடந்தது. கிளறிப் பார்த்தபோது அடியில் புழுக்கள் நெளிந்தன. அடுத்த வீட்டாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று சென்ட் மனையில் வீடும் தொழுவமும் போக, எருக்குழிக்கு இடம் ஏது?

ஆகவே இது தனி ஒருவர் செய்து முடிக்கும் வேலை அன்று. தெருவார் கூடிப் பேசி, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று எல்லாத் தொழுவங்களிலும் காடியடியில் ஊறிய வைக்கோலை வழித்தெடுத்து, எருக்குழியில் கொட்டி மண்ணால் மூட வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மூத்திரம் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். வாரம் தவறாமல் செய்தால் புழு ஈயாகும் முன்பே அழிந்துவிடும். மூடிய குழியில் தழைச்சத்து வீணாவதும் குறையும். எருவின் தரமும் உயரும். இடமில்லாதவர்களுக்கு ஊருக்கு ஒதுக்குப்புறமான புறம்போக்கில் எருக்குழி வெட்ட ஊராட்சிகள் இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

எங்களைப் போன்றோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. கூட்டங்களில் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்ன அளவுக்கு, எருக்குழியைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மருந்து வேண்டாம் என்று நான் கூறவில்லை. தடுப்பூசியையும் கைவிடக் கூடாது. ஆனால் குப்பைமேட்டை அப்படியே வைத்துக்கொண்டு மருந்து அடிப்பது, மடையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பது போன்றது. விவசாய அன்பர்கள் முதலில் மடையை அடைக்க முன்வர வேண்டும்.