கிழவியைப் பார்க்கவா நர்ஸுக்குப் படிச்சே?

படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஓர் ஆச்சியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது? 'இதுக்கெல்லாமா ஒரு படிப்பு!' என்று சிரிப்பீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் இடுப்புக்குப் பின்னால், குதிகாலில், பின்மண்டையில் தோல் சிவந்து, கறுத்து, எலும்பு தெரிகிற வரைக்கும் புண் போகும். அதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். திருப்பும்போது இழுத்தால் தோல் உரியும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டே நழுவலாம்.

பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணியோடு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று நடந்து வாருங்கள். தெருவுக்கு நாலு வீட்டில், தார்சாவில் ஒரு கட்டில் கிடக்கும். பிள்ளைகள் சென்னையில், மும்பையில், துபாயில். ராத்திரி போன் வரும். 'பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க' என்பார்கள். ஆச்சிக்குக் கவலை பணத்தைப் பற்றி இல்லை, பாத்ரூம் வரைக்கும் போவதைப் பற்றி. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டாள்.

2011 சென்சஸில் தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 10.4 சதவிகிதம். சுமார் 75 லட்சம் பேர். 2031-ல் இது 18.2 ஆகும் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. ஐந்தரைப் பேருக்கு ஒரு கிழவர் அல்லது கிழவி!

இந்தப் பக்கம் நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. 1965-ல் ஆரம்பித்த நெல்லை மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஐ.சி.யூ. மேல் ஆசை. வென்டிலேட்டர் பார்க்கத் தெரிந்தால் மதிப்பு. முதியோர் பராமரிப்பு என்றதும் வீட்டில் என்ன சொல்வார்கள்? "கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளவா உன்னைக் கடன் வாங்கிப் படிக்க வச்சோம்?"

பாடத்திட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறது. இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் முதியோர் நர்ஸிங்குக்குத் தனிப் பாடம் கிடையாது. பெரியவர்கள் நல நர்ஸிங், இரண்டாம் பகுதி என்ற பெரிய வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. காது, மூக்கு, கண், சிறுநீரகம், மூளை, புற்றுநோய், தீக்காயம் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு மிச்ச இடத்தில் தாத்தா தொங்குகிறார்.

டாக்டர்கள் விஷயத்தில் நாம் அவ்வளவு மோசமில்லை. டாக்டர் வ.செ.நடராசனின் முயற்சியால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்குத் தனிப் பிரிவு வந்தது. 1996-ல் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்தது. 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் திறந்தாயிற்று. சந்தோஷம். ஆனால், டாக்டர் கட்டிலருகே நிற்பது அஞ்சு நிமிஷம். மிச்ச நேரம்? 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் முதியோருக்கு வசதி ஒதுக்கி, அனுபவமுள்ள மருத்துவ அதிகாரியைத் தலைமையில் வைக்கச் சொல்கிறது. நர்ஸைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை.

இதனால் என்ன குடிமுழுகிப் போச்சு என்கிறீர்களா? நேற்றுவரை தெளிவாக இருந்த தாத்தா திடீரென்று செத்துப்போன தம்பியைக் கூப்பிடுகிறார், வேட்டியை அவிழ்க்கிறார், ராத்திரி கத்துகிறார். 'புத்தி பேதலிச்சுட்டு, வயசாயிட்டுல்ல' என்று கதவைச் சாத்துகிறோம். பல சமயம் அது சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் குழப்பமாக மட்டும் அது வெளிப்படலாம். ஒரு பரிசோதனை, சில நாள் மருந்து, தாத்தா பழையபடி பேப்பர் படிப்பார். படுத்திருப்பவருக்கு அப்படியே கஞ்சி புகட்டினால் நுரையீரலுக்குள் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் குனியவைத்துக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தால் போதும்.

'பெத்தவங்களைப் பார்க்கிறது பிள்ளைங்க கடமை, நர்ஸ் எதுக்கு?' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்தக் கடமையைச் செய்கிற பிள்ளை யார் என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மருமகள். அவளுக்கே 55 வயது, அவளுக்கே முதுகுவலி. முக்கூடல் பக்கம் என்றால் மடியில் பீடித் தட்டும் இருக்கும். இலை வெட்டுவதா, மாமியாரைத் திருப்புவதா?

தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்று ஒன்று உண்டு. 2010-ல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து செய்தியானது. 'பாரம்' என்று படமாகி, 2018-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. அது கொலைதான். நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால், 'பாவிகள்' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிற நாம், அந்த வீட்டுக்குள் புண்ணைக் கழுவத் தெரிந்த ஒருத்தியையாவது அனுப்பியிருக்கிறோமா?

'ஹோம் நர்ஸ்' என்று ஏஜென்சிகள் அனுப்பும் பெண்களில் பலர் நர்ஸிங் வகுப்பின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சொல்லிக்கொடுக்காதவர்கள் மேல்தான் தப்பு.

ஜெர்மனியைப் பாருங்கள். முதியோர் பராமரிப்பு அங்கே முன்பு தனிப் படிப்பு. 2020-லிருந்து பொது நர்ஸிங்கோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால், முதியோர் இல்லத்தில் 400 மணி நேரம், வீடுவீடாகப் போய்ப் பார்ப்பதில் 400 மணி நேரம் பயிற்சி கட்டாயம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நம் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அங்கே அனுப்புகிறது. போகட்டும், நல்லா சம்பாதிக்கட்டும். அங்கே கிழவியைக் குளிப்பாட்டினால் கௌரவம், வீரவநல்லூரில் குளிப்பாட்டினால் கேவலமா?

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். செங்கோட்டை தாண்டினால் கேரளா. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது ஓர் அமைப்பு. 2008-ல் அரசே கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போகிறாள். நம்மிடமும் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. நல்ல திட்டம். ஆனால், வருகிற கைகள் போதாது.

கடைசி வருஷ மாணவிகளை இரண்டு மாதம் இந்த ஆற்றங்கரை ஊர்களுக்கு அனுப்புங்கள். ஆளுக்குப் பத்து வீடு. கூடவே ஓர் ஆசிரியை. பரீட்சையில் இதற்கும் மார்க். பஸ் செலவும் உதவித்தொகையும் கொடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஓசி ஆயா கிடைத்தாள் என்று சில நிர்வாகங்கள் குஷியாகிவிடும்.

அப்புறம் வேலை. 2015-ல் அரசு 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நர்ஸுகளை எடுத்தது. 2017-ல் அவர்கள் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். 2016-ல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸின் மாதச் சம்பளம் 20,000-க்குக் குறையக் கூடாது என்றது. உங்கள் தெருமுனை நர்ஸிங்ஹோமில் ஊசி போடும் சிஸ்டரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.