சோற்றைத் தள்ளிவிட்டு குறுவாசோன் கடிக்கிறவர்களுக்கு

"சோறு தின்றால் சீனி ஏறும். ஏறினது இறங்கும். இறங்கினால் பசிக்கும். அதனால் சோற்றை விடு." ஒபர்வில்லியேயில் எங்கட பெடியளின் கைபேசிகளில் இப்போது ஓடுகிற வேதம் இதுதான். சீனி வருத்தம் இல்லாத பிள்ளைகளும் கையில் சென்சர் ஒட்டிக்கொண்டு, அம்மா போட்ட கோப்பையைத் தள்ளி வைக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது.

இந்த வேதத்தில் பாதி உண்மைதான். பாரிசில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜோன் மேயர், குளுக்கோசுக்கும் பசிக்கும் உள்ள தொடர்பை 1950களிலேயே பேசினார். 2021இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குச் சென்சர் ஒட்டிப் பார்த்த ஆய்வில், சாப்பிட்டு 2-3 மணி நேரத்தில் சீனி நன்றாக இறங்கியவர்களுக்குக் கூடப் பசித்தது. ஆனால் கவனியுங்கள்: பசியைச் சொன்னது அந்த இறக்கம்தான், நீங்கள் பயப்படுகிற ஏற்றம் அல்ல. ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் இறக்கமும் வேறு.

மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது வயிற்றை நிறைக்கிறது என்று பார்த்தார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 என்றால் அவித்த உருளைக்கிழங்குக்கு 323. அதுவோ சீனியை வேகமாக ஏற்றுகிற உணவு! வெள்ளைச் சோற்றுக்கு 138. கடைசி இடம் குறுவாசோனுக்கு, வெறும் 47. சின்ன ஆய்வுதான். ஆனாலும் சோற்றைத் தள்ளிவிட்டு மெத்ரோ வாசலில் குறுவாசோன் கடிக்கிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வயிறு விரிவது, புரதம், நார், குடலில் சுரக்கும் ஜீஎல்பி-1 போன்ற ஹோர்மோன்கள், எல்லாம் சேர்ந்துதான் "போதும்" என்று மூளைக்குச் சொல்கின்றன. மெலிவதற்கென்று இப்போது எல்லோரும் பேசுகிற ஊசி அந்த ஹோர்மோனின் வேலையைத்தான் செய்கிறது. சென்சர் காட்டுகிற ஒற்றை எண்ணில் இதெல்லாம் இல்லை.

அதற்காகச் சோறு நிரபராதி என்று நான் சொல்லவில்லை. தெற்காசியர்களுக்கு நீரிழிவு இளவயதிலும், குறைந்த எடையிலும் வருகிறது. மலைபோல் சோறு, கரண்டியளவு கறி: பிழை அந்தக் கணக்கில்தான். நடுச்சாமத்தில் உணவக வேலை முடித்து வந்து அப்பா தனியாகச் சாப்பிடுகிற கோப்பையும் அப்படித்தான் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவருக்குச் சென்சர் பெரிய உதவி. அதைக் கழற்றச் சொல்ல நான் வைத்தியர் இல்லை.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் காசோடு லா சப்பலுக்குப் போங்கள். முருங்கையிலை, பருப்பு, மீன் வாங்குங்கள். முதலில் அவற்றைச் சாப்பிட்டு, பிறகு பாதிச் சோறு. அப்பாவின் கோப்பையையும் அப்படியே போட்டு வையுங்கள்.